சேனை வைக்காத அக்கா

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களில் எங்கள் அக்காவிடம் திட்டு வாங்காதவர் ஒருவர்கூட இருக்க மாட்டீர்கள். பிள்ளை பார்க்க வந்த உங்களை வார்டு வாசலிலேயே மறித்து, "செருப்ப வெளிய போடுங்க, கைய கழுவுங்க, இருமுதவங்க வீட்டுக்குப் போங்க" என்று விரட்டியிருப்பார். அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. திட்டு வாங்கிய எல்லோரும் மறக்காமல் வந்திருக்கிறீர்கள். தங்கை என்ற முறையில் என்னை இரண்டு வார்த்தை எழுதச் சொன்னார்கள். இரண்டு வார்த்தையில் நிறுத்த எனக்குத் தெரியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா பிறந்தது கல்லிடைக்குறிச்சியில். அப்பாவுக்கு வயல் வேலை, அம்மா வீட்டிலிருந்தே கூலிக்கு அப்பளம் இட்டுக் கொடுத்தார். அக்கா பாளையங்கோட்டையில் நர்ஸ் படிப்பில் சேர்ந்த வருடம் அப்பா இறந்தார். கொஞ்ச நாளில் அம்மாவும் போய்ச் சேர்ந்தார். நான் அப்போது பாவாடை கட்டித் திரிந்த சிறுமி. என்னைப் படிக்க வைத்ததும் கட்டிக் கொடுத்ததும் அக்காதான். அக்காவைப் பெண் கேட்டு வந்த ஒன்றிரண்டு பேரையும் "தங்கச்சிக்கு முடியட்டும்" என்று திருப்பி அனுப்பினார். எனக்கு முடிந்தபோது அக்காவுக்குத் தலை நரைத்துவிட்டது.

வேலை பார்த்தது பச்சிளங்குழந்தைகள் வார்டில். எல்லாம் குறைமாதப் பிள்ளைகள், எடை குறைந்த பிள்ளைகள். அக்கா கையில் வளையல் கிடையாது, மோதிரம் கிடையாது, நகம் ஒட்ட வெட்டியிருக்கும். ஒரு பிள்ளையைத் தொட்ட கையோடு இன்னொரு பிள்ளையிடம் போகவே மாட்டார். கழுவிக் கழுவி உள்ளங்கை வெடித்து, வீட்டில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "ஏன்க்கா இந்தப் பாடு?" என்றால், "நமக்குச் சும்மா சளி பிடிக்க வைக்கிற கிருமி, அதுக உசுரையே எடுத்திரும்ட்டி" என்பார்.

நம் பக்கத்தில் பிள்ளை பிறந்தால் சேனை வைப்பார்கள். சீனித்தண்ணீரை விரலால் தொட்டுப் பிள்ளையின் நாக்கில் தடவுவது. வைத்தவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பதால், வாழ்ந்து நிறைந்தவராகத் தேடிப் பிடிப்பார்கள். அக்காவை எந்த வீட்டிலும் கூப்பிட்டதில்லை. கல்யாணமாகாதவர் என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதும் இல்லை. சேனைக் கிண்ணத்தோடு வார்டுக்கு வரும் ஆச்சிமாரை விரட்டுவதே பாதி வேலையாக இருந்த மனுஷிக்கு இதில் ஓர் ஏக்கம் இருக்கும் என்று யார் நினைப்பார்? ஒருநாள் எனக்குத் தலை பின்னிவிட்டுக்கொண்டே சொன்னார்: "வைக்கக் கூடாது, அது வேற. ஆனா ஒருத்தராவது நீ வைன்னு கேக்கலையே, பாத்தியா." சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கல்யாணமாகிப் பல வருடம் கழித்துத்தான் எனக்கு வயிற்றில் தங்கியது. அதுவும் குறைமாதத்திலேயே பிறந்து, நேரே அக்காவின் வார்டுக்குப் போய்விட்டது. பெண் குழந்தை, பூனைக்குட்டி அளவுதான் இருந்தாள். தொற்று எதுவும் அண்டாமல் இருந்தால் பிழைத்துக்கொள்வாள் என்றார் டாக்டர். அக்கா என் வளைகாப்பு வளையல்களைக் கழற்ற வைத்து, முழங்கை வரை சோப்புப் போட வைத்து, அப்புறம்தான் என்னை உள்ளே விட்டார். "நான் பெத்த பிள்ளையத் தொட இத்தனை சட்டமா?" என்றேன். "பெத்தவளுக்குத்தான்ட்டி மொதச் சட்டம்" என்றார்.

மறுநாள் வள்ளியூரிலிருந்து என் மாமியார் வந்தார். கையில் வெள்ளிக் கிண்ணம், அதில் சீனித்தண்ணீர். பார்த்ததுமே இன்று சண்டைதான் என்று நினைத்தேன். மாமியார் வாய் ஒரு மாதிரி, அக்கா வாய் அதற்கும் மேலே. ஆனால் வார்டு வாசலில் நின்று மாமியார் சொன்னதை நான் எதிர்பார்க்கவே இல்லை.

"ஏம்மா, எங்க வீட்டுல மூத்தவ நாந்தான், நாந்தான் வைக்கணும். ஆனா இந்தத் தங்கச்சிய ஒத்தையில வளத்து ஆளாக்குனவ நீ. உன் குணம் வரட்டும் என் பேத்திக்கு. நீ வையி."

அக்கா அந்தக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கண் நிறைந்துவிட்டது. ஒரு சொட்டுத்தானே, வைத்துவிடேன் என்று என் மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

"வேண்டாம் அத்தை" என்றார் அக்கா. "இவளுக்குத் தாய்ப்பாலே குழாய் வழியா சொட்டுச் சொட்டாத்தான் போகுது. வேற எது உள்ள போனாலும் தாங்க மாட்டா."

"நீதான் நாள்பூரா கைய கழுவுதியே!"

"கைய கழுவலாம். சீனியக் கழுவ முடியுமா, அத்தை?"

மாமியார் முகம் சுருங்கிப் போயிற்று. "நான் குடுத்த மரியாதைய வாசல்ல வச்சே திருப்பிக் குடுத்துட்டா" என்று என் கணவரிடம் சொல்லிவிட்டு, தண்ணீரைச் செடியில் ஊற்றினார். அடுத்த பஸ்ஸிலேயே வள்ளியூருக்குத் திரும்பிவிட்டார். அக்கா குழாயடிக்குப் போனார். வெகுநேரம் கை கழுவிக்கொண்டே நின்றார்.

நடுவில் மூச்சுத் திணறி எங்களைப் பதறடித்தாலும், என் மகள் பிழைத்தாள். தொற்று ஏதும் அவளை அண்டவில்லை. அவளைத் தூக்கிக்கொண்டு நான் வீடு வந்தபோது சேனைக்கான காலம் கடந்துவிட்டது. யாரும் அக்காவிடம் மறுபடி கேட்கவில்லை. காதுகுத்துக்கு இருவரும் வந்தார்கள். மாமியார் பந்தியில் நின்றால் அக்கா அடுப்படிக்குள் போய்விடுவார். சமாதானம் பேசப் போன என்னிடம், "அவங்க எனக்குக் குடுத்தது சின்ன விஷயமாட்டி? கை நீட்டி வாங்க முடியாமப் போச்சு. அதச் சொல்லப் போனா அழுதிருவேன், அதான் பேசல" என்றார். இதையே மாமியாரிடம் போய்ச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே வெற்றிலையை மடித்தார்.

ஓய்வு பெற்ற பிறகு அக்காவுக்குச் சிறுநீரகம் கெட்டது. டயாலிசிஸுக்குப் போன இடத்திலும் சும்மா இருந்தாரா? ஊசி குத்த வரும் பெண்ணிடம், "கை கழுவினியா தாயி?" என்பார். அந்தப் பெண்ணும் முகம் சுளிக்காமல், "உங்க கண்ணு முன்னாலயே இன்னொரு தடவ கழுவுதேன் சிஸ்டர்" என்று கழுவிக் காட்டுவாள். கடைசி நாட்களில் பேச்சு குறைந்துபோனது. பாளையங்கோட்டை வீட்டில், என் மடியில் தலை வைத்துத்தான் போனார். என்னை வளர்த்த கையை நான் பிடித்துக்கொண்டிருந்தேன். அது ஒன்றுதான் எனக்கு ஆறுதல்.

அக்காவைப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், கேட்காமலே ரசம் வைத்துக் கொடுத்த பக்கத்து வீட்டு மைனிக்கும், ஆஸ்பத்திரிக்கு அலுக்காமல் ஆட்டோ ஓட்டிய அண்ணாச்சிக்கும், ஆற்றங்கரை வரை கூட வந்த உங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னொருவருக்கும் நான் நன்றி சொல்ல வேண்டும். அன்று வாய்க்கரிசி போடும் நேரத்தில், "பெத்த பிள்ளை இல்லையே, மொதல்ல யாரு போடுவா?" என்று கூட்டத்தில் ஒரு பேச்சு எழுந்தது. வள்ளியூரிலிருந்து வந்து ஓரமாக நின்ற என் மாமியார் சட்டென்று முன்னால் வந்தார். அப்போது ஐந்தாம் வகுப்புப் படித்த என் மகளைக் கைப்பிடித்து அழைத்து வந்தார். சின்னப் பிள்ளை பயந்துவிடும் என்று யாரோ தடுத்தார்கள்.

"பிள்ளை இல்லைன்னு எவ சொன்னா? இந்தா நிக்கால்லா! இவ வாய்க்குள்ள ஒரு பொல்லாத சொட்டு போகவிடாம காத்தவ அவ. இவ கையாலதான் அவ வாய்க்குப் போகணும்" என்றவர், குரல் உடைந்து, "போடுட்டி, உன் அம்மதான்" என்றார்.

என் மகள் போட்டாள். என் மாமியாருக்கு நன்றி.