மாடியில் கறுத்த செடி

எங்கள் வீட்டில் சந்தேகப்படுவதற்கு ஆள் பஞ்சமே இல்லை. சித்தப்பா ராயபுரத்துப் பெண்ணைக் காதலித்துக் கட்டிக்கொண்டு வந்ததும், அதற்குத் தோதாக ஒருத்தியும் கிடைத்துவிட்டாள்.

தண்டையார்பேட்டையில் கீழே அப்பாவின் தானிய மண்டி, மேலே வீடு, அதற்கும் மேலே மொட்டைமாடி. போனில் ஆர்டர் போட்டு வரவழைத்த விதையைச் சித்தி அங்கே பழைய பெயின்ட் வாளிகளில் போட்டாள். புல் மாதிரி முளைத்தது. வெயில் விழும் பக்கமாக வாளிகளை நகர்த்தி நகர்த்தி வைத்தாள். பச்சையாக இருந்த இலை நாளாக நாளாகக் கறுத்துக் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது. அம்மாவுக்குத் தூக்கம் போயிற்று.

“இன்னாத்துக்குக்கா பயப்படறே? கம்புதான். சோத்துக்கு இல்ல, அயகுக்கு வெக்கிறது” என்றாள் சித்தி.

அப்பாவுக்குச் சுருக்கென்றது. “கம்பு எனக்குத் தெரியாதாக்கும்? சின்ன வயசுல இருந்து கம்பு மூட்டைக்குள்ளதான் கெடக்கேன். கம்பு எங்கயாவது இப்படிக் கறுக்குமா?”

அப்பா கம்பை மூட்டையில்தான் பார்த்திருந்தார், செடியில் பார்த்ததே இல்லை. அது யாருக்கும் தோன்றவில்லை. அவருக்கு அது கஞ்சா. போலீஸ் வந்தால் மண்டிக்குப் பூட்டு. அம்மாவுக்கோ செய்வினை.

“ஏட்டி, அவ மேல என்ன செய்யுதான்னு பாத்துட்டு வா” என்று அம்மா என்னை அனுப்பினாள். சித்தி ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி ஈரத்துணியால் ஒவ்வொரு இலையாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். துறைமுகத்துப் பக்கமிருந்து வரும் கரித்தூள் எங்கள் தட்டில், துணியில், மூக்கில் எல்லாம்தான் இருந்தது. இருந்தும் நான் மூச்சிரைக்க ஓடிவந்து, “துணி கறுப்பாகுதும்மா, மந்திரம் வேற சொல்லுதா” என்றேன். அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

அன்று மாலையே அப்பா சித்தப்பாவைக் கூப்பிட்டு, “ஒண்ணு செடி போகணும், இல்ல நீங்க போகணும்” என்றார்.

“கதிர் வர்ற வரிக்கும் பொறுத்துக்கோங்க மாமா, அப்பால நீங்களே பாருங்க” என்று சித்தி கெஞ்சினாள். பாவம், அழுதே விட்டாள்.

கதிர் வந்தது, பூனை வால் தடிமனில். அப்பா ஒன்றை ஒடித்து உள்ளங்கையில் கசக்கி உமியை ஊதினார். மண்டியில் சரக்கைப் பார்க்கும் அதே பழக்கம். கையில் மிஞ்சியதை வாயில் போட்டுக் கடித்தும் பார்த்தார். “கம்புதான்” என்றார், தானே கண்டுபிடித்தவரைப்போல.

“அடிப்பாவி, இத மொதல்லயே சொல்லக்கூடாதா?” என்று அம்மா சிரித்தாள். எல்லோரும் சிரித்தோம். சித்தி சிரிக்கவில்லை.

கதிர் முற்றியதும் செடி காய்ந்தது. அதன் ஆயுள் அவ்வளவுதான். சித்தி விதைகளைத் துப்பட்டா நுனியில் முடிந்துகொண்டாள். அந்த வாரமே சித்தப்பாவும் அவளும் திருவொற்றியூரில் வாடகைக்கு வீடு பார்த்துக் கிளம்பிவிட்டார்கள். வாளிகளை ஏற்றிய ஆட்டோ தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்று யோசித்தேன். கம்புதான் என்று தெரிந்துவிட்டதே, இனி எதற்குப் போகிறாள் என்று எனக்கு விளங்கவே இல்லை.