பெயர் மாறிய டிஸ்க்

1. இரண்டாம் நாள் பின்னேரம்

“மிஸ், என்ர டிஸ்க்கில ஒண்டையும் காணேல்லை.”

றெஜினா இதைச் சத்தமாகச் சொல்லவில்லை. நான் கதிரையை விட்டு எழும்பிப் போனபோது, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தபடி இருந்தாள்.

மன்னார் நகரத்துப் பயிற்சி நிலையம் ஒன்றில், லினக்ஸ் கணினிகளில் சேமிப்பிடத்தைப் பராமரிப்பது பற்றிய மூன்று நாள் பட்டறை அது. நான் ஒரு கந்தோரில் சர்வர்களைப் பார்த்துப் பார்த்தே ஓய்வு பெற்றவள். இப்படிக் கூப்பிட்டால் இன்னும் போகிறேன். வீட்டில் இருந்தாலும் அலுப்பு, போனாலும் அலுப்பு.

றெஜினா ஓலைத்தொடுவாய்ப் பக்கத்து மீனவர் சங்கம் ஒன்றில் கணினி வேலை பார்ப்பவள். முப்பது வயதிருக்கும். “எங்கட டிஸ்க் நிரம்பிட்டுது மிஸ். இன்னொண்டைச் சேர்த்துப் பெருப்பிக்கிறது எப்பிடியெண்டு பழகத்தான் வந்தனான்” என்று முதல் நாளே சொன்னாள். நிரம்பின அந்த டிஸ்க்கையும் கையோடு கொண்டுவந்திருந்தாள். நான் பழகக் கொடுத்த பழைய டிஸ்க்கும் அவளுடையதும் ஒரே கணினியில் செருகியிருந்தன.

லினக்ஸ், டிஸ்க்குகளுக்கு எஸ்டிபி (sdb), எஸ்டிசி (sdc) என்று வரிசையாகப் பெயர் வைக்கும். அது டிஸ்க்கின் சொந்தப் பெயர் அல்ல. கணினி எதை முதலில் கண்டதோ அதற்கு முந்திய எழுத்து, அவ்வளவுதான். அன்று மத்தியானம் கரண்ட் நின்று திரும்ப வந்தது. கணினிகளை மறுபடி போட்டோம். அவளுடைய கணினியில் இருந்த இரண்டு டிஸ்க்குகளும் பெயர் மாறிவிட்டன. காலையில் பழகிய அதே கட்டளையை அவள் அடித்தாள். ‘இதில் ஏற்கெனவே ஏதோ இருக்கிறது, அழிக்கவா?’ என்று கணினி கேட்டது. பழைய டிஸ்க்குக்கும் காலையில் அப்படித்தான் கேட்டிருந்தது. ஓம் என்று அடித்து, அதன் மேலே புதிதாக ஃபோர்மற்றும் பண்ணிவிட்டாள்.

“ஒண்டையும் அமத்தாதீங்கோ பிள்ளை” என்று சொல்லி டிஸ்க்கைக் கழற்றினேன். “அதில என்ன இருந்தது?”

“வலைப் படங்கள் மிஸ்.”

இழுவைப் படகுகள் அறுத்த வலைகள். ஒவ்வொரு முறையும் வலை இழந்தவர் கிழிசலைப் பிடித்துக்கொண்டு கரையில் நிற்க, றெஜினா ஃபோனில் படம் எடுப்பாள். ஆளுக்கு ஒரு ஃபோல்டர். அடுத்த மாதம் நட்டஈட்டு விசாரணை இருந்தது. அங்கே காட்ட இவர்களிடம் வேறு ஒன்றும் இல்லை.

“ஃபோனில இருக்குமோ?”

“இடமில்லையெண்டு அழிச்சுப்போட்டன்.”

2. தலைவர் வந்தார்

சங்கத் தலைவர் சூசையண்ணை மோட்டார் சைக்கிளில் வந்தார். இடுப்பில் கட்டிய, உப்புப் பட்ட சாரத்தோடு அப்படியே வந்திருந்தார். ஏசப்போகிறார் என்று நினைத்தேன். றெஜினாவும் அதற்குத் தயாராகத்தான் நின்றாள். அவர் கதிரை ஒன்றை இழுத்துப் போட்டு இருந்தார்.

“வலையும் போய், வலையின்ர படமும் போச்சு. அப்பிடித்தானே மிஸ்?”

“முழுக்கப் போயிருக்காது அண்ணை. ஃபோர்மற் பண்ணினா மேலால இருக்கிற அட்டவணைதான் அழியும். படங்கள் கீழ கிடக்கும். எவ்வளவு வருமெண்டு இப்ப சொல்லேலாது.”

“நீங்கள் பாருங்கோ. நாங்கள் காத்திருந்து பழகின ஆக்கள்.”

முதலில் அந்த டிஸ்க்கை அப்படியே இன்னொரு டிஸ்க்குக்குப் பிரதி எடுத்தேன். மூலத்தில் கை வைக்காமல் பிரதியில் வேலை செய்வதுதான் முறை. அதற்கே அன்றைய பொழுது போய்விட்டது. மூன்றாம் நாள் பாடத்தை விட்டுவிட்டு மீட்கும் மென்பொருளை ஓடவிட்டேன். பட்டறைக்கு வந்தவர்கள் எல்லோரும் பின்னால் நின்று பார்த்தார்கள். படங்கள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கியதும் றெஜினா அழுதாள். முந்தின நாள் அவள் அழவில்லை.

பெரும்பாலானவை வந்தன. ஆனால் ஃபோல்டர்கள் இல்லை, பெயர்கள் இல்லை. எல்லாம் வெறும் இலக்கங்கள். எடுத்த நாள் மட்டும் படத்துக்குள் இருந்தது. சில படங்களில் கிழிந்த வலை மட்டும்தான், ஆள் இல்லை. எது யாருடையது என்று கணினிக்குத் தெரியாது. றெஜினாவுக்கும் பாதிதான் ஞாபகம்.

3. ஞாயிற்றுக்கிழமை

பூசை முடிந்து சனம் சங்கக் கட்டடத்துக்கு வந்தது. நானும் போனேன். போகாமல் விட்டிருக்கலாம், ஆனால் மனம் கேட்கவில்லை. றெஜினா படங்களைச் சுவரில் பெரிதாகக் காட்டினாள். “அந்த நீலக் கயிறு நான் போட்டது” என்பார் ஒருவர். “இல்லை, அது என்ர மச்சானின்ர” என்பார் இன்னொருவர். பிறகு இருவரும் கிட்டப் போய்ப் பார்த்து முடிவுக்கு வருவார்கள். யாரும் அடுத்தவரின் கிழிசலைத் தன்னுடையதென்று சொல்லவில்லை. றெஜினா ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தாள்.

கடைசி வரையும் இருந்தவர் ஸ்டெல்லா அக்கா. அவருடைய மனுசன் நோய் வந்து, போன வருசம் செத்துப்போனார். அந்த மனுசனின் படம் வந்தது, ஆனால் பாதிதான். மேலே முகமும் தோளும் தெளிவாக இருந்தன. வலை இருக்கவேண்டிய கீழ்ப்பகுதி முழுக்கச் சாம்பல் நிறம். புதிய ஃபோர்மற் அந்த இடத்தில்தான் எழுதியிருந்தது.

“இதைத் திருத்தேலாதோ மிஸ்?” என்று றெஜினா என்னைக் கேட்டாள்.

“அது அழிஞ்சு போச்சு பிள்ளை.”

ஸ்டெல்லா அக்கா எழும்பிச் சுவருக்குக் கிட்டப் போனார். “வெயிலுக்கு முகத்தைச் சுளிச்சுக்கொண்டு நிக்கிறார்” என்றார். பிறகு றெஜினாவிடம், “இதில எனக்கு ஒரு பிரதி அடிச்சுத் தாறியோ? வீட்டில இருக்கிற படத்தில சேட்டு, கழுத்தில ரை எல்லாம் போட்டு, வேற ஆளைப் போல இருக்கிறார்” என்றார்.

விசாரணையில் மற்றவர்களின் படங்களை ஏற்றுக்கொண்டார்கள். இந்தப் படத்தை ஏற்கவில்லை. அதில் வலை இல்லையே என்றார்களாம். சூசையண்ணை எனக்கு ஃபோனில் சொன்னார்.

இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடியது பெரிதாக ஒன்றுமில்லை. பழகப் போகும்போது சொந்த டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள். எஸ்டிபி, எஸ்டிசியை நம்பாமல், டிஸ்க்கின் தொடரிலக்கத்தைப் பார்த்து வேலை செய்யுங்கள். பிரதி ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். இவை எல்லாம் எந்தக் கையேட்டிலும் இருக்கின்றன.

கையேட்டில் இல்லாத ஒன்றை இப்போது நான் செய்கிறேன். டிஸ்க் நிரம்பிவிட்டது என்று ஒருவர் வந்தால், அதில் என்ன இருக்கிறது, அது யார் யாருடையது என்றுதான் முதலில் கேட்கிறேன். எத்தனை ஜிபி என்பதைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.