கிறிஸ்டோபர் கொடுத்த இழைப்பு மெஷின்

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் ஆரணியில் டேவிட்ராஜ் வாத்தியாரின் இடது கையைப் பார்த்தவர்கள் யாரும் இதைக் கட்டுக்கதை என்று சொல்ல மாட்டார்கள். போன வருஷம் நடந்தது. அவர் சொன்னதில் ஒரு வார்த்தையும் கூட்டாமல் சொல்கிறேன்.

டேவிட்ராஜ் சந்தவாசல் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கீபோர்டு வாசிப்பார். பக்கத்தில் நின்று பாடுவது கிறிஸ்டோபர். கண்ணமங்கலத்தில் செருப்புக்கடை வைத்திருப்பவர். இருவரும் காலேஜிலிருந்தே சிநேகிதர்கள். ஒருவர் வீட்டு விஷயம் இன்னொருவருக்குத் தெரியாமல் இருந்ததில்லை. அப்படித்தான் டேவிட்ராஜ் நினைத்துக்கொண்டிருந்தார்.

அவருக்குத் திடீரென்று மரவேலையில் ஆசை வந்தது. போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தார். பிள்ளைக்கு மேசை, சமையலறைக்கு ஸ்டூல் என்று ஏதேதோ திட்டம். சர்ச் முடிந்து வரும்போது இதைக் கிறிஸ்டோபரிடம் சொன்னார்.

கிறிஸ்டோபர் கையிலிருந்த பாட்டுப் புத்தகத்தை மூடினார். பிறகு, "என்கிட்ட ஒரு மெஷின் சும்மா கெடக்குதுடா. கடைக்கு ரேக் அடிக்கலாம்னு வாங்கினேன். ஒருநாள்கூட ஓட்டல. நீ எடுத்துக்க" என்றார்.

அந்த வாரமே மினிவேனில் வந்து இறங்கியது. ஒரே இரும்பு மேசை. நடுவில் வட்ட ரம்பம். ஒரு பக்கம் பலகை இழைக்கலாம், கோடியில் துளை போடலாம். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே மோட்டார். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் வைத்தார்கள். கிறிஸ்டோபர் வாசல் கேட்டைத் தாண்டி உள்ளே வரவில்லை. ஓட்டிப் பார்த்துவிட்டுப் போகலாமே என்று டேவிட்ராஜ் கூப்பிட்டார். கடையில் ஆள் இல்லை, பேஜார் என்று சொல்லி, வேன்காரனோடு கிளம்பிவிட்டார்.

ஸ்விட்சைப் போட்டதும் மெஷின் ஓடியது. டேவிட்ராஜுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

முதலில் வெட்டியதெல்லாம் கோணல். புதுசாகப் பழகுகிறவர்தானே. ஆனால் கொஞ்ச நாளிலேயே வெட்டு நேராக வர ஆரம்பித்தது. கயிறு பிடித்த மாதிரி நேர். பலகையை இவர் இந்தப் பக்கமிருந்து தள்ளுவார்... அந்தப் பக்கமிருந்து யாரோ மெதுவாக இழுத்துக் கொடுப்பது போல இருக்கும். கை பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். ஸ்டூலுக்கு நாலு காலும் ஆடாமல் நின்றது.

ஒரு விஷயம் மட்டும் உறுத்தியது. ஒருநாள்கூட ஓடாத மெஷின் என்றார் கிறிஸ்டோபர். ஆனால் மேசையில் ரம்பத்துக்கு இடப்பக்கம் ஓர் இடம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது. ஒரு உள்ளங்கை அளவு.

இன்னொன்று. இவர் வெட்டுவது வேப்பம்பலகை. கொட்டகையில் அடித்தது தேக்கு வாசனை.

ஒருநாள் டீ கொண்டுவந்த மனைவி ஜாக்குலின் கேட்டாள். "யார்கிட்ட பேசிகினு இருந்தீங்க?"

"யாரும் இல்லியே."

"ரெண்டு பேர் பேசற மாதிரி இருந்துச்சு."

டேவிட்ராஜ் சிரித்தார். ஆனால் டீயைக் குடிக்காமல் அப்படியே வைத்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு கிறிஸ்டோபரிடம் விளையாட்டாகச் சொன்னார், அந்த மெஷின் பலகையைத் தானாக இழுக்கிறது என்று. கிறிஸ்டோபர் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தார். முகத்தைத் தூக்கவில்லை. கடைசியில், "கையைத் தள்ளி வெச்சிக்க" என்றார். அவ்வளவுதான்.

அது ஒரு சனிக்கிழமை. நல்ல மத்தியான வெயில். தெருவில் அத்தனை வீட்டிலும் விசைத்தறி ஓடிக்கொண்டிருந்தது. டடக் டடக் டடக்... அந்தச் சத்தத்தில்தான் டேவிட்ராஜ் மேசைக்குப் பலகை அறுத்துக்கொண்டிருந்தார்.

கரண்ட் போனது.

தெரு முழுக்கத் தறிகள் ஒரே மூச்சில் நின்றன. காது அடைத்தது போல ஆனது.

ரம்பம் மட்டும் நிற்கவில்லை.

சர்ர்ர்ர்ர்ர்...

ஓடிய வேகத்தில் சுற்றுகிறது, நின்றுவிடும் என்று காத்திருந்தார். வேகம் குறையவில்லை. ஸ்விட்சை அணைத்தார். ஓடியது. பிளக்கைப் பிடுங்கினார். பிளக் அவருடைய வலது கையில் இருந்தது.

சர்ர்ர்ர்ர்ர்...

ஓடிவிடலாம் என்று திரும்பினார். முடியவில்லை.

மேசைமேல் ஊன்றியிருந்த இடது கை வரவில்லை.

அந்த வழவழப்பான இடத்தில் இருந்தது கை. அதன்மேல் ஏதோ பாரம். சில்லென்று... ஒரு உள்ளங்கை. கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. தோலுக்குத் தெரிந்தது. உள்ளங்கை இருந்தது. கட்டைவிரல் இருந்தது.

மற்ற விரல்கள் இல்லை.

அது இழுத்தது. மெதுவாக. நேராக. இத்தனை நாள் பலகையை இழுத்துக் கொடுத்த அதே இழுப்பு.

ரம்பத்தை நோக்கி...

பிளக்கைப் போட்டுவிட்டு, வலது கையால் இடது மணிக்கட்டைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். 

"இன்னாங்க, கரண்ட் இல்லாம எப்படி..."

பின்கதவில் ஜாக்குலின்.

பாரம் சட்டென்று விலகியது. டேவிட்ராஜ் பின்னால் விழுந்தார். ரம்பம் தானாக நின்றது.

இரண்டு விரல்களின் நுனிகள் மேசைமேலேயே இருந்தன.

ஆஸ்பத்திரிக்கு முதலில் ஓடிவந்தது கிறிஸ்டோபர்தான். கட்டுப்போட்ட கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அழுதார். அழுகையினூடே தனக்குள் முணுமுணுத்தது டேவிட்ராஜ் காதில் விழுந்தது.

"இதோட விட்டுச்சே..."

எது விட்டது? அந்த வலியில் டேவிட்ராஜுக்குக் கேட்கத் தெம்பில்லை.

வீட்டுக்கு வந்ததும் மெஷினை ஒழித்துக்கட்ட முடிவு செய்தார். மோட்டாரைக் கழற்ற, மோட்டாருக்குச் செம்புக்கம்பிச் சுருள், அதாவது காயில், கட்டும் கடை ராஜவேலுவை வரச் சொன்னார். ராஜவேலு மூடியைத் திறந்தான். உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தான். நிமிர்ந்து இவரைப் பார்த்தான்.

"இத எதுல சார் ஓட்டினீங்க?"

"கரண்ட்லதான்."

"உள்ள காயிலே இல்லியே சார். வெறும் கூடு. ஒட்டடை கட்டிக்கீது பாருங்க. இது ஓடி வருஷமாச்சு."

டேவிட்ராஜ் குனிந்து பார்த்தார். அப்படியே பஸ் ஏறிக் கண்ணமங்கலம் போனார்.

கிறிஸ்டோபர் அவரைக் கண்டதும் கடை ஷட்டரைப் பாதி இறக்கினார். கேட்பதற்கு முன்பே சொல்ல ஆரம்பித்துவிட்டார். மெஷின் கிறிஸ்டோபரின் அண்ணன் யோவானுடையது. வந்தவாசியில் தனியாக இருந்தவர். அவர் செத்தபோது நெஞ்சுவலி என்றுதான் எல்லோருக்கும் சொன்னார்கள். டேவிட்ராஜும் அடக்கத்துக்குப் போயிருந்தார். பெட்டியில் கைகளுக்கு வெள்ளை உறை போட்டிருந்தது இப்போது நினைவுக்கு வந்தது. இடது உறையின் நாலு விரலுக்குள்ளும் வெறும் பஞ்சுதானாம். ரம்பத்தில் விரல்கள் போய், உதவிக்கு ஆளில்லாமல், ரத்தம் கொட்டியே செத்திருக்கிறார். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று மறைத்துவிட்டார்கள்.

சாமான்களோடு மெஷினும் கிறிஸ்டோபர் வீட்டுக்கு வந்தது.

"தெனம் மத்தியானத்துல தானா ஓடும்டா. நான்தான் காயிலப் பிடுங்கிப் போட்டேன். அப்பவும் ஓடிச்சு. வீட்ல புள்ளைங்க இருக்குது..."

"என் வீட்லயும் இருக்குதுடா."

கிறிஸ்டோபர் தலை குனிந்தார்.

"சொல்லியாவது இருக்கலாமே. ஏன்டா என்கிட்ட அனுப்பின?"

கிறிஸ்டோபர் ஷட்டரை முழுசாக இறக்கினார். வெளியே வேலூர் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"நான் அனுப்பலடா. அண்ணன் குரல் அதுக்குள்ளருந்து கேட்டுகினே இருந்துச்சு. தொணைக்கு யாரு வருவான்னு கேட்டுச்சு. பயத்துல உன் பேரச் சொல்லிட்டேன். அதுக்கப்புறம்தான் உனக்கு மரவேல ஆசையே வந்துச்சு."