கையைத் தூக்கினேன், பாட்டு நின்றது

போன வைகாசியில் என் நாத்தனாருக்குக் கல்யாணம். உத்தனப்பள்ளி பக்கத்தில் என் மாமியார் ஊரில் நடந்தது. மண்டபம் பிடிக்காமல், வீட்டுக்கு முன்னால் இருந்த தக்காளிக் கொல்லை நிலத்தைச் சமன்படுத்தி அங்கேயே பந்தல் போட்டிருந்தார்கள். மாப்பிள்ளை அழைப்பு அன்று சாயங்காலம் நடந்ததைத்தான் சொல்லப்போகிறேன்.

அதற்கு முன்னால் என்னைப் பற்றிக் கொஞ்சம். நான் ஓசூரில் ஒரு கம்பெனியில் பிரஸ் ஷாப் ஆபரேட்டர். இரும்புத் தகட்டை வைத்து பட்டனை அழுத்தினால், மேலிருந்து மெஷின் இறங்கி ஒரே அடியில் அதை வண்டிப் பாகமாக வெட்டித் தள்ளும். அப்படிப்பட்ட மெஷின்கள் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக நின்று இடித்துக்கொண்டிருக்கும். புதிதாக வருபவர்களுக்குத் தலை சுற்றும். எனக்கு அது தாளம் மாதிரி. ஒரு மெஷின் தாளம் தப்பினாலே வயிற்றில் தெரிந்துவிடும். சத்தம் சத்தம் என்று எல்லாரும் அலுத்துக்கொள்கிறார்கள். எனக்குச் சோறு போடுவதே சத்தம்தான், அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

காதில் பிளக் செருகிக்கொண்டு வேலை செய்வதால் அங்கே வாய்க்கு வேலையில்லை. கையால்தான் பேசுவோம். என் லைனில் தெலுங்கு பேசும் அக்கா ஒருவர் இருக்கிறார், கன்னடக்காரர் இருக்கிறார், ஒடிசாவிலிருந்து வந்தவர்கள் இருக்கிறார்கள். எல்லாருக்கும் கைப்பாஷை ஒன்றுதான். மணிக்கட்டைத் தட்டி வயிற்றைத் தட்டினால் 'நேரமாச்சு, சாப்பிட வர்றியா' என்று அர்த்தம். தலைக்கு மேல் இரண்டு கையையும் குறுக்கே வைத்தால் 'மெஷினை நிறுத்து'. இதற்கு மட்டும் எங்களிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு. யார் காட்டினாலும், நேற்றுச் சேர்ந்தவர் காட்டினாலும், முதலில் சிவப்பு பட்டனை அடிக்க வேண்டும். எதற்கு என்று பிறகுதான் கேட்க வேண்டும். காரணம் கேட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் ஒருவருக்கு விரல் போய்விடும்.

இந்தப் பழக்கமெல்லாம் என்னோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. குரல் தானாக உயரும். கூடத்தில் இருப்பவரைச் சாப்பிடக் கூப்பிட அடுப்படியிலிருந்தே மணிக்கட்டையும் வயிற்றையும் தட்டுவேன். ஐந்து வயது மகளுக்கு இது விளையாட்டு. மாமியாருக்கு ஆகாது. அழைப்பு அன்று காலையிலேயே என்னைத் தனியாகக் கூப்பிட்டுவிட்டார்.

"ஏம்மா, மாப்ள ஊட்டுக்காரங்கல்லாம் ஆனேக்கல்ல இருந்து வர்றாங்க. இன்னிக்கு ஒரு நாளாச்சும் மெதுவாப் பேசு. கைய வேற ஆட்டாத. மருமவளுக்குப் பேச்சே வராதுன்னு நெனைச்சுக்கப் போறாங்க."

"ஒண்ணு கத்தறேன்றீங்க, இல்லன்னா பேச்சே வராதுன்றீங்க. எதாச்சும் ஒண்ணுல நில்லுங்க அத்தே" என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னாலும் மனசுக்குள் சுருக்கென்றுதான் இருந்தது. கல்யாண வீட்டில் எதற்கு வம்பு என்று கையையும் வாயையும் அடக்கிக்கொண்டு வளைய வந்தேன்.

சாயங்காலம், வெளிச்சம் இன்னும் நன்றாக இருக்கும்போதே மாப்பிள்ளை கார் வந்துவிட்டது. மேடைக்குப் பின்னால் இருந்த பாட்டு செட்டுக்காரர் சத்தத்தை ஏற்றினார். பந்தலின் இரண்டு பக்கமும் ஸ்பீக்கர் பாக்ஸ்களை ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கியிருந்தார்கள். கரண்டை நம்பாமல் பாட்டு செட்டை ஜெனரேட்டரில்தான் ஓட்டினார்கள். இளவட்டம் முழுக்க நடுவில் இறங்கி ஆட ஆரம்பித்தது. ஒரு கன்னடப் பாட்டு, ஒரு தமிழ்ப் பாட்டு, நடுவில் தெலுங்கு என்று மாறி மாறி வந்தது. நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. உண்மையைச் சொன்னால் எனக்கும் கால் பரபரத்தது.

பந்திப் பக்கம் நின்றபடி மகளைத் தேடினேன். எதிர்ப்பக்கம், பாக்ஸ் அடுக்குக்கு நேர் கீழே விரித்திருந்த பாயில் மற்ற குழந்தைகளோடு பலூன் வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். தற்செயலாக மேலே பார்த்தேன். உச்சியில் இருந்த பாக்ஸ் நடந்துகொண்டிருந்தது.

நடப்பது என்றுதான் எங்கள் ஷாப்பில் சொல்வோம். அதிர்கிற மேசையில் டீ டம்ளரை வைத்தாலும் சரி, ஸ்பேனரை வைத்தாலும் சரி, கொஞ்சம் கொஞ்சமாக விளிம்புக்கு நகர்ந்துபோகும். அந்த பாக்ஸும் ஒவ்வொரு அடிக்கும் அப்படித்தான் முன்னால் வந்துகொண்டிருந்தது. பாதிக்குப் பக்கம் ஏற்கெனவே வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கட்டிய கயிறு தொளதொளவென்று தொங்கியது.

கத்தினேன். ஊரே குறை சொல்லும் என் குரல் என் காதுக்கே கேட்கவில்லை. ஓடினேன். நானும் ஆட வருகிறேன் என்று நினைத்து ஆடுகிற கூட்டம் என் கையைப் பிடித்து இழுத்தது. உதறிக்கொண்டு வந்து, பக்கத்தில் நின்ற என் கணவரின் தோளை உலுக்கி மேலே காட்டினேன். அவர் சீரியல் லைட்டைப் பார்த்து, நல்லா இருக்கு என்று தலையாட்டினார்.

அப்போதுதான் ஜெனரேட்டர் பக்கத்தில் ஒருவர் வண்டியை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றுவது தெரிந்தது. என் லைனில் இருக்கும் அந்தத் தெலுங்கு அக்கா. ஷிஃப்ட் முடித்து யூனிஃபார்மோடு நேராகக் கல்யாணத்துக்கு வந்திருந்தார். பட்டுப்புடவையோடு பக்கத்து நாற்காலியில் ஏறி நின்றேன். தலைக்கு மேல் இரண்டு கையையும் குறுக்கே வைத்தேன்.

அக்கா பார்த்தார். சட்டென்று திரும்பினார். ஜெனரேட்டரிலும் சிவப்பு பட்டன்தான். உள்ளங்கையால் ஓங்கி அடித்தார்.

பாட்டு பாதி வார்த்தையில் நின்றது. எங்கேயோ ஒரு கைக்குழந்தை அழுவது கேட்டது.

"பாப்பா! எல்லாரும் எந்திரிச்சு எங்கிட்ட ஓடியாங்க! ஓடியாங்க!"

இந்தத் தடவை என் குரல் பந்தலைத் தாண்டித் தெருவரைக்கும் போயிருக்கும். குழந்தைகள் பலூனைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். "எவன்டா ஆஃப் பண்ணது?" என்று கோபமாக வந்த பாட்டு செட்டுக்காரர், என் விரல் காட்டிய பக்கம் பார்த்து அப்படியே நின்றார். ஏணியைப் பக்கவாட்டில் போட்டு ஏறி, பாக்ஸைப் பின்னால் தள்ளக் கை வைத்தார். வைத்ததும் அது சரிந்து, காலியாகக் கிடந்த பாய் மேல் விழுந்தது. அடியில் மாட்டிய பலூன் வெடித்தது. மகள் என் இடுப்பைக் கட்டிக்கொண்டு நின்றாள். யார் பார்த்தால் என்ன என்று நான் ஓவென்று அழுதேன்.

அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "ஏமாயிந்தி? என்னாச்சு? எதுக்கு ஆஃப் பண்ணச் சொன்ன?"

அவர் நின்ற இடத்திலிருந்து அந்த பாக்ஸ் தெரியவே தெரியாது. ஒன்றும் புரியாமல், முன்பின் தெரியாத வீட்டில், மாப்பிள்ளை அழைப்பு நடக்கும் நேரத்தில் ஜெனரேட்டரை அணைத்திருக்கிறார்.

"நான் தப்பாக் காட்டியிருந்தா என்னக்கா பண்ணியிருப்ப?" என்றேன்.

"தப்புன்னா மறுபடி ஆன் பண்ணிக்கலாம்ல" என்று சொல்லிவிட்டு, கொண்டுவந்த கிஃப்டை என் கையில் திணித்தார்.

பாக்ஸ்களையெல்லாம் தரையில் இறக்கி வைத்தார்கள். பாட்டே வேண்டாம் என்று சிலர் சொன்னார்கள். நான்தான் போடச் சொன்னேன். பாக்ஸைச் சரியாகக் கட்டாததற்குப் பாட்டு என்ன பண்ணும்?

மறுபடியும் பந்தல் அதிர ஆரம்பித்தது. மகளை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தேன். எதிரே, மாப்பிள்ளை வீட்டாருக்கு நடுவில் நின்ற மாமியார் என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னார். அதுவும் கேட்கவில்லை. கொஞ்சம் தயங்கினார். பிறகு அத்தனை சம்பந்தி ஜனத்துக்கும் முன்னால், கையை உயர்த்தி மணிக்கட்டைத் தட்டினார், வயிற்றைத் தட்டினார்.

இப்போது வேண்டாம் என்று தலையாட்டினேன். அவர் விடாமல் வந்து கையைப் பிடித்துப் பந்திக்கு இழுத்துப் போனார்.

இன்றைக்கும் பிரஸ் ஷாப்பில் யாராவது கையைக் குறுக்கே தூக்கினால், பட்டனை அடிக்கும்போதெல்லாம் அந்தச் சாயங்காலம்தான் நினைவுக்கு வருகிறது. நான் கையைத் தூக்கினால் காரணம் கேட்காமல் நிறுத்த ஓர் ஆள் இருக்கிறார் என்ற தைரியத்தில்தான், எந்தச் சத்தத்துக்குள்ளும் நான் பயமில்லாமல் நுழைகிறேன்.