கந்தம்மாளும் கறுப்புப் புழுவும்

1960-இல் கொடைக்கானல் தபாலாபீசுக்கு எழுத்தராக மாற்றலாகி வந்தபோது, நாயுடுபுரத்தில் ராமர் வீட்டு முன்னறையில் குடியிருந்தேன். ராமர் கொத்தனார். ஒரு நாளைக்கு நாலு வார்த்தைக்கு மேல் பேசமாட்டார். பாக்கிப் பேச்சையெல்லாம் அவர் மனைவி கந்தம்மாள் பேசிவிடுவார்.

கந்தம்மாள் ஆயக்குடிக்காரர், கொய்யா மரங்களுக்கு நடுவில் வளர்ந்தவர். கல்யாணமாகி மலையேறி ஆறு வருஷம். கொல்லையில் அவர் வைத்ததெல்லாம் ஒன்று பனியில் கருகும், இல்லாவிட்டால் மழையில் அழுகும். ராமரின் தம்பி குழந்தைவேல் கூக்காலில் பூண்டு விவசாயம் பண்ணுபவர். வரும்போதெல்லாம் கொல்லையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "மதினியோட கைராசி கீழேயே நின்னுபோச்சு" என்று சிரிப்பார். கந்தம்மாளும் கூடச் சிரிப்பார். அப்புறம் அடுப்படியில் பாத்திரங்கள் சத்தம் போடும்.

பங்குனி உத்திரத்துக்கு எங்கள் பக்கத்திலிருந்து நாற்பது பேர் பழனிக்கு நடந்து போவார்கள். புறப்படும் நாளில் ஒரு வீட்டில் எல்லோருக்கும் சாப்பாடு. அடுத்த தை பிறந்ததும் அந்தச் சாப்பாட்டைக் கந்தம்மாள் ஏற்றுக்கொண்டார். அதோடு விட்டாரா? "கூட்டுக்குக் காய் கடையில வாங்க மாட்டேன். எங்க கொல்லை பீன்ஸுதான்" என்று குழந்தைவேலை வைத்துக்கொண்டே சொல்லிவிட்டார். இப்படியா வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்று எனக்குப் பகீரென்றது.

கொடி பீன்ஸ் நன்றாகத்தான் வந்தது. மாசியில் பூ எடுக்கும் சமயம் பார்த்துக் கொழுந்துகளில் அசுகுணி அப்பியது. கடுகை அள்ளி ஒட்டியதுபோல் கறுப்புக் கறுப்பாகப் பூச்சி. இலை சுருண்டது, தொட்டால் பிசுபிசுத்தது. அந்தக் கூட்டத்துக்கு நடுவே இன்னொரு ஜந்துவும் திரிந்தது. அரிசியைவிடச் சற்று நீளம், கறுப்பு உடம்பு, முதுகில் ஆரஞ்சுப் புள்ளிகள், ஆறு கால். பார்க்கவே சகிக்காது.

"இதுதான் தாயி. மத்ததெல்லாம் குட்டி" என்று தீர்மானித்தார் கந்தம்மாள். குழந்தைவேலும் ஆமாம் போட்டார். மறுநாளிலிருந்து கந்தம்மாள் விடிந்ததும் விடியாததுமாக அந்தக் கறுப்புப் புழுக்களைத் தேடித் தேடி நசுக்கினார். என் பங்குக்கு நானும் ஏழெட்டை நசுக்கினேன். நசுக்க நசுக்க அசுகுணி பெருகியது. ஏனென்று புரியவில்லை. இன்னும் மும்முரமாக நசுக்கினோம்.

மாசி இருபதாம் தேதி கந்தம்மாள் பழனிக்கு மாலை போட்டார். மாலை போட்டவர் ஓர் உயிரையும் கொல்லக் கூடாது. குழந்தைவேல் சந்தையிலிருந்து பூச்சி மருந்துப் பொடி ஒரு பொட்டலம் கொண்டுவந்தார்.

"நீங்க தொட வேணாம் மதினி. அண்ணன் மாலை போடலையில்ல, அவரு தூவட்டும். ஒரு நாள் சோலி."

"ஒரே வீட்டுல நான் விரதம், அவரு கொலையா? முருகனுக்குக் கண்ணு தெரியாதாக்கும்?"

"அப்ப நாப்பது பேருக்கும் வெறும் ரசத்த ஊத்துங்க."

பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கந்தம்மாள் கொல்லையில் போய் உட்கார்ந்து அழுதார். நான் பார்த்தும் பார்க்காததுபோல் திரும்பிவிட்டேன். குழந்தைவேல்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

கொல்லத்தானே கூடாது, விரட்டலாமே? செம்பில் தண்ணீர் மொண்டு கொழுந்துகள்மேல் வீசி அடித்தார் கந்தம்மாள். உடனே சந்தேகம். "ஏங்க, இதுல செத்துப்போச்சுன்னா?"

"குளிக்குது, விடு" என்றார் ராமர். அன்றைய நாலு வார்த்தையில் இரண்டு அதில் போயிற்று.

எறும்புகள் சாரைசாரையாக ஏறி, அசுகுணி விடும் தித்திப்பை நக்கிக்கொண்டு அதற்குக் காவலும் இருந்தன. கந்தம்மாள் கொடி படர நட்டிருந்த ஒவ்வொரு கம்பின் அடியிலும் அடுப்புச் சாம்பலை வட்டமாகக் கொட்டினார். எறும்பு ஏறுவது நின்றது. கறுப்புப் புழுவை யாரும் தொடவில்லை. அது பாட்டுக்குக் கொழுத்தது.

பதினைந்து நாள் போயிருக்கும். காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"சார்! வெரசா வாங்க!"

கந்தம்மாள் கொடியில் மூக்கு இடிக்க நின்றிருந்தார். ஒரு கறுப்புப் புழு அசுகுணியைக் கவ்வி, சாற்றை உறிஞ்சி, தோலைத் தள்ளிவிட்டு அடுத்ததைப் பிடித்தது. அடுத்த இலையிலும் இன்னொரு புழு அதே வேலையாக இருந்தது. அதற்கும் மேலே, ஒட்டிக்கிடந்த ஒரு கூட்டைப் பிளந்துகொண்டு வெளிறிய மஞ்சளில் ஒரு வண்டு வெளியே வந்தது. நான் ஆபீசுக்குப் போகவில்லை. மத்தியானத்துக்குள் அது சிவந்து, முதுகில் புள்ளி விழுந்து, நாம் எல்லோரும் அறிந்த பொறிவண்டாகிவிட்டது.

"சின்னப் பிள்ளையில உள்ளங்கையில விட்டு வெளையாடுவோமே, அதோட பிள்ளையா இது? நமக்கு வேலை பாக்க வந்த பிள்ளைகளையில்ல சார் நசுக்கிப்புட்டோம்!" கந்தம்மாளுக்குக் கண்ணில் நீர் வழிந்தது, வாய் என்னவோ சிரித்துக்கொண்டிருந்தது. எனக்கும் தாங்க முடியாத சந்தோஷம்.

புறப்பாட்டு நாளில் இரண்டு கூடை பீன்ஸ் பறித்தோம். நாற்பது பேரும் கூட்டை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார்கள். வழியனுப்ப வந்திருந்த குழந்தைவேல் மூன்றாம் தடவையும் கேட்டார். கந்தம்மாள் ஒன்றும் பேசாமல் கரண்டி நிறையப் போட்டார். அவர் பேசாமலிருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

கைகழுவப் போன குழந்தைவேல் கொல்லையிலேயே வெகுநேரம் நின்றார். பிறகு அடுப்படிப் பக்கம் வந்து தயங்கினார்.

"மதினி, எங்க அவரையிலயும் அசுகுணி அப்பிக் கெடக்கு."

"அப்படிங்களா?"

"அந்தப் புழுவுல ஒரு பத்து குடுங்களேன்."

கந்தம்மாள் இலையோடு பத்துப் புழுக்களை எடுத்துத் தூக்குச்சட்டியில் விட்டு, வாயைத் துணியால் கட்டி நீட்டினார்.

"வழியில பசிக்குமே, கொஞ்சம் அசுகுணியும் போட்டிருக்கேன் கொழுந்தனாரே."

நாற்பது பேரும் சிரித்தார்கள். குழந்தைவேல் சிரிக்கவில்லை. கூக்கால் போகும் பாதையில், தூக்குச்சட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, ஆட்டாமல் அசைக்காமல் நடந்து போனார்.