நான் எழுதாமல் விட்ட பெயர்

நெய்வேலியில் ஒரு பள்ளியில் பிளஸ் டூ ஆசிரியையாக இருந்தேன். கடலூரில் ஒரு கல்லூரியைப் பார்த்துவர அழைத்துப்போகும் மாணவிகளின் பெயர்களை எழுதியபோது, சுமதியை மட்டும் நானே விட்டுவிட்டேன். அப்பா இல்லாத பெண். அம்மாவுக்குச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. எப்படியும் வேலைக்குத்தான் போகப்போகிறாள், வீணாக ஏன் ஆசை காட்ட வேண்டும் என்று நினைத்தேன். அதை இரக்கம் என்றே நம்பினேன்.

மறுநாள் ஷிப்ட் முடிந்த கையோடு அவள் அம்மா வந்து நின்றார். சேலையெல்லாம் நிலக்கரித் தூள்.

"டீச்சர், எம் பொண்ணு பேர ஏன் எழுதலைங்க?"

"நீங்க அனுப்ப மாட்டீங்கன்னு நினைச்சேம்மா."

"என்னை ஒரு வார்த்த கேட்டீங்களா? அவ படிக்கணும்னுதானே நான் கரி அள்ளிக்கினு கெடக்குறேன். காலேஜ் எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியாதுங்க. தெரிஞ்ச நீங்களே சொல்லலன்னா, அவளுக்கு யாரு சொல்லுவா?"

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மன்னிப்புக் கேட்டுவிட்டு, அவரையும் எங்களோடு வரச் சொன்னேன். கல்லூரியில் சுமதி விடுதியைப் பற்றியும் உதவித்தொகையைப் பற்றியும் கூச்சமில்லாமல் கேட்டுத் தெரிந்துகொண்டாள். பிளஸ் டூ முடித்ததும் அங்கேயே வேதியியல் படிக்கச் சேர்ந்தாள்.

அவளுக்கு முன்னால் இப்படி எத்தனை பெயர்களை எழுதாமல் விட்டிருப்பேன்? அவர்களுடைய அம்மாக்கள் யாரும் என்னிடம் வந்து கேட்கவில்லை.