இடது தோள்

அக்கா எட்டாம் வகுப்போடு நின்றவள். சீருடை தைக்கும் கடையில் காஜா எடுப்பதும் பித்தான் கட்டுவதும் அவள் வேலை. ஒரு பித்தான் நூலளவு விலகினாலும் பிரித்துவிட்டு மறுபடி கட்டுவாள்.

அவள் தம்பி கடற்படை அதிகாரி. அங்கே ஒவ்வொரு பதவி உயர்வின்போதும் வலது தோளில் மேலதிகாரி பதவிப் பட்டி மாட்டுவார். இடது தோளில் வீட்டு மனிதர் மாட்டுவார். அவன் சப் லெப்டினன்டாக விறைத்து நின்ற நாளிலிருந்து அந்த இடது தோள் அக்காவுடையது. ரோந்துப் படகுக்குத் தலைவனானபோதும், போர்க்கப்பலுக்கு கேப்டனானபோதும் அவள்தான் மாட்டினாள். தம்பி மனைவிகூட, "அது உங்க இடம் அண்ணி" என்று ஒதுங்கிக்கொண்டாள்.

இப்போது ரியர் அட்மிரல். தம்பி போனில் இழுத்தான்.

"அக்கா, இந்தத் தடவை பெரியவரை மாட்டச் சொல்லலாம்னு இருக்கேன். நீ ஒண்ணும் நினைச்சுக்க மாட்டியே?"

"நான் என்னடா நினைக்கப்போறேன்? உன் தோளு, உன் இஷ்டம்."

போனை வைத்ததும் கையிலிருந்த நூலை வெடுக்கென்று அறுத்தாள். பெரியவர் என்பவர் கப்பல் கப்பலாகத் தம்பியோடு போன பணியாள். போன வருடம் ஓய்வு பெற்றவர். அக்கா மனதுக்குள் அவருக்கு வைத்த பெயர் ஒட்டுப்புல். விடுமுறைக்குத் தம்பியோடு வந்து, அவள் அடுப்படியிலேயே நின்று, "ஐயாவுக்குச் சர்க்கரை கம்மியா போடுங்கம்மா" என்பார். இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளைக்குச் சர்க்கரை அளக்க இவர் யார்?

விழா மண்டபத்தில் ஒட்டுப்புல் அவள் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

"கப்பல் கிளம்புற முதல் நாள் ஐயாவுக்குக் குடலே வெளிய வந்துடும்மா. வாளி, ஈரத்துணி, நான். வேற யாருக்கும் தெரியாது."

பஸ்ஸில் தன் மடியிலேயே வாந்தி எடுத்த பையன் அவன். அந்த ரகசியம் தன்னிடம் மட்டும்தான் இருக்கிறது என்று இத்தனை காலம் நினைத்திருந்தாள்.

"துணியை எங்க போடுவீங்க?" குரலில் ஊசி இருந்தது.

"பிடரியிலதான். நெத்தியில போட்டா கத்துவாரு. எங்க அக்கா பிடரியிலதான் போடும்பாரு."

அப்படியும் அக்காவுக்கு எரிச்சல் அடங்கவில்லை.

தம்பியின் பெயர் சொல்லி மேடைக்கு அழைத்தார்கள். கடற்படைத் தலைவர், வயதில் மூத்தவர் என்று ஒட்டுப்புல்லை முதலில் போகச் சொன்னார். பெரியவர் தட்டிலிருந்து இடது பட்டியை எடுத்துக்கொண்டு நேரே வலது தோளுக்குப் போனார். சட்டையை மேஜையில் கிடத்தி, கழுத்துப் பக்கம் நின்று பட்டி மாட்டியே பழகிய கை. ஆளுக்கு எதிரே நின்றதும் பக்கம் மாறிவிட்டது. அப்படியே மாட்டினால் பட்டியிலுள்ள நங்கூரம் முதுகைப் பார்க்கும். போட்டோக்காரர் தயாராக நின்றார்.

அக்கா பார்த்துவிட்டாள். பார்த்தும் கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். அந்தக் கொஞ்ச நேரம் அவளுக்குத் தித்தித்தது. பிறகு தம்பியின் முகம் கண்ணில் பட்டது. எழுந்து போய் மெதுவாகச் சொன்னாள்.

"அண்ணே, அந்தப் பக்கம்."

பெரியவர் திடுக்கிட்டு இடது தோளுக்கு மாறினார். பட்டியின் பித்தானைப் போட்டார். தம்பி உதடு அசையாமல் கேட்டான்.

"சரியா இருக்காக்கா?"

"நூலளவு சாஞ்சிருக்கு" என்று பித்தானைத் தொட்டுத் திருகி, பட்டியை ஒரு முறை நீவிவிட்டாள்.

அது சாயவே இல்லை.